பிரஷர் மாத்திரையைக் கூட்டும் முன் வலி மாத்திரையைத் தேடுங்கள்

எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் மாதம் தவறாமல் எங்கள் மருந்துக்கடைக்கு வருவார். அன்று அவர் நீட்டிய சீட்டில் டெல்மிசார்டன் 40 என்பது 80 ஆகியிருந்தது. "பிரஷர் இறங்கவே மாட்டேங்குதாம் தம்பி, டோஸைக் கூட்டிட்டாங்க" என்றார். பில் போடும் நேரத்தில், "வழக்கமா வாங்குற முட்டிவலி மாத்திரை, அதுலயும் ரெண்டு அட்டை வைப்பா" என்றார்.

சீட்டில் அது இல்லை.

"இதை எவ்வளவு நாளா போடுறீங்கம்மா? டாக்டருக்குத் தெரியுமா?"

"அவருகிட்ட எதுக்குப்பா இதெல்லாம்? அவரு பிரஷர் பாக்குறவரு. இது காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, வலிக்குப் போடுறது. தினம் சாப்பிடுற மாத்திரைன்னா பிரஷர் மாத்திரை மட்டும்தான்."

அது அசெக்ளோஃபெனாக். நாளுக்கு இரண்டு வீதம் ஆறு மாதம். அவர் கணக்கில் அது மாத்திரையே இல்லை. அந்த ஆறு மாதமும் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தது எங்கள் கவுன்ட்டர்தான். அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. இதை எழுத உட்காரவைத்தது அதுதான்.

வீட்டுப் பெரியவருக்கு அடங்கியிருந்த ரத்த அழுத்தம் திடீரென்று ஏறினால், இன்னொரு பிரஷர் மாத்திரை சேர்வதற்கு முன் வலி மாத்திரை எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது, கண்டுபிடித்தால் என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இரண்டுக்கும் என்ன தொடர்பு?

மூட்டு வீங்கி வலிக்கும்போது அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் ஊறுகிறது. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், அசெக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் அந்த ஊற்றை அடைக்கின்றன, வலி தணிகிறது. ஆஸ்பிரின் வேலை செய்வது இந்த வழியில்தான் என்று 1971-ல் கண்டுசொன்ன ஜான் வேன், 1982-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

ஆனால் வயிற்றுக்குள் போன மாத்திரைக்கு முட்டி எது, சிறுநீரகம் எது என்று தெரியாது. சிறுநீரகத்தில் இதே புரோஸ்டாகிளாண்டின் நல்ல வேலை பார்க்கிறது. ரத்தம் உள்ளே வரும் நுண்குழாய்களை விரித்து வைக்கிறது; மிச்ச உப்பைச் சிறுநீரோடு தள்ள உதவுகிறது. அதை அடைத்தால் உப்பு உடம்பிலேயே தங்கும். உப்பு தங்கும் இடத்தில் தண்ணீரும் தேங்கும். ரத்தக் குழாய்களும் கொஞ்சம் இறுகும். பிரஷர் ஏறும். சிலருக்குக் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும்.

இருபது வயதுப் பையன் பல்வலிக்கு இரண்டு நாள் போட்டால் இதெல்லாம் பெரும்பாலும் தெரிவதே இல்லை. அந்த வயதில் சிறுநீரகத்துக்கு இந்தப் பொருளின் உதவி பெரிதாகத் தேவைப்படாது. வயதான சிறுநீரகம் அப்படி இல்லை. சர்க்கரை நோய், பலவீனமான இதயம், தாகமே தெரியாமல் ஒரு நாளுக்கு நாலு டம்ளர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் ஆகியவையும் சேர்ந்தால், புரோஸ்டாகிளாண்டினை நம்பித்தான் அது ஓடிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு ஏறும்? 50 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1994-ல் வந்த பகுப்பாய்வு, இந்த வகை மருந்துகள் சராசரியாக 5 மி.மீ. அளவுக்கு ரத்த அழுத்தத்தை உயர்த்துவதாகக் கண்டது. ஏற்கெனவே பிரஷருக்கு மருந்து சாப்பிடுகிறவர்களிடம் ஏற்றம் கூடுதல். "அஞ்சு பாயின்ட்தானே" என்று தோன்றலாம். மேல் எண்ணை (140/90 என்றால் 140) 5 மி.மீ. குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும் என்று 2021-ல் வந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது. அந்த ஐந்தைக் குறைக்கத்தான் நாம் மாதாமாதம் காசு கொடுத்து மாத்திரை வாங்குகிறோம். அதுவும் சராசரிதான், சிலருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு இதைவிட அதிகமாக ஏறும்.

படி 1: பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள்

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்காதீர்கள். அந்த அம்மாவைப் போலத்தான் பதில் வரும். "வலிக்கு என்ன போடுறீங்க? தலைவலி வந்தா? சளி பிடிச்சா? ராத்திரி தூக்கம் வரலேன்னா?" என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பிறகு வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள். மஞ்சப்பையில் இருப்பது மட்டும் போதாது. தலையணை அடி, சுருக்குப் பை, சாமி படத்தட்டு, ஃபிரிட்ஜின் மேல்தட்டு எல்லாவற்றையும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் "எனக்குக் கேட்டுச்சு" என்று கொடுத்த நாலு மாத்திரை, மகன் பல்வலிக்கு வாங்கி மீந்த அரை அட்டை, களிம்பு, ஸ்ப்ரே எதையும் விடாதீர்கள். கடந்த ஒரு மாதத்தில் இடுப்பில் வலி ஊசி போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். ஊசியில் போனாலும் டைக்ளோஃபெனாக் டைக்ளோஃபெனாக்தான்.

இதில் இரண்டைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஒன்று, பெயரே இல்லாத செட் மாத்திரை. சின்ன காகிதக் கவரில் மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என்று மடித்துக் கொடுப்பது. இந்த மாதிரிக் கவரில் வலி மாத்திரையோடு பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் இருக்க வாய்ப்பு உண்டு. ஸ்டீராய்டு பிரஷரையும் ஏற்றும், சுகரையும் ஏற்றும். இரண்டு வேளையில் வலி பறந்துபோவதால் மறுபடி மறுபடி அதையே தேடிப் போகிறார்கள். மாதக் கணக்கில் சாப்பிட்டிருந்தால் ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது; உடம்பு தானே சுரக்க வேண்டியதை மறந்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் பிரஷர் சரிந்து மயக்கம் வரலாம். கவரோடு டாக்டரிடம் போங்கள்.

இரண்டாவது, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத மூட்டுவலிப் பொடியும் லேகியமும். முறையாகப் படித்த சித்த மருத்துவர் எழுதிக் கொடுப்பதைப் பற்றி நான் பேசவில்லை. சந்தையிலும் வண்டியிலும் லேபிள் இல்லாமல் வாங்கியதைச் சொல்கிறேன். மறுநாளே வலி மாயமாய்ப் போனால் சந்தேகப்படுங்கள்.

படி 2: பெரிய எழுத்தை விட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள்

அட்டையின் முன்னால் பளிச்சென்று இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்கு மேலோ கீழோ பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். பேரப்பிள்ளைகளிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் எழுதித் தந்துவிடுவார்கள்.

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், நாப்ராக்சன், எட்டோரிகாக்ஸிப், இண்டோமெத்தசின், பிராக்ஸிகாம், கீட்டோரோலாக், மெஃபனாமிக் ஆசிட், நிமெசுலைடு. இந்தப் பெயர்களில் எது இருந்தாலும் அதன் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள்.

"நான் சாதாரண பாராசிட்டமால்தான் போடுறேன்" என்பவர்களும் அட்டையை ஒருமுறை பார்க்க வேண்டும். காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலோடு இபுபுரூஃபனும் இருக்கிறது. ஜீரோடால்-பி என்றால் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும். இரண்டு டாக்டர்கள் இரண்டு கம்பெனிப் பெயர்களில் எழுதியதை, ஒரே மருந்து என்று தெரியாமல் ஒரே நாளில் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சில கூட்டு மாத்திரைகளில் டைசானிடின் போன்ற தசை தளர்த்தியும் இருக்கும். அது எதிர்த்திசையில் போகும்: பிரஷரை இறக்கி, தூக்கக் கலக்கம் தந்து, இரவில் பாத்ரூமுக்கு எழுந்தால் தள்ளாட வைக்கும்.

எட்டோரிகாக்ஸிப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயிற்றுக்கு இதம் என்று பேர் வாங்கியது. 90, 120 என்று தாராளமாக எழுதப்படுகிறது. ஆனால் ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் அடங்காமல் நிற்கிறவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து விதிமுறை சொல்கிறது. பிரஷர் அடங்காத பெரியவரின் பையில் இது இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல், அன்றே டாக்டரை அழைத்துக் கேளுங்கள்.

எல்லாம் ஒரே அளவுக்கு ஏற்றுவதில்லை. 2017-ல் வெளிவந்த ஆய்வில் 444 மூட்டுவலிக்காரர்களுக்கு 24 மணி நேரமும் பிரஷரைப் பதியும் கருவியை மாட்டினார்கள். நாலு மாதத்தில் மேல் எண் இபுபுரூஃபனில் 3.7 மி.மீ., நாப்ராக்சனில் 1.6 மி.மீ. ஏறியது, இதே வகையில் இன்னொரு மருந்தான செலிகாக்ஸிப்பில் 0.3 மி.மீ. இறங்கியது. தொடக்கத்தில் பிரஷர் சரியாக இருந்தவர்களில் இபுபுரூஃபன் குழுவில் 23 சதவீதம் பேருக்குப் புதிதாக உயர் ரத்த அழுத்தம் வந்தது. செலிகாக்ஸிப்பில் 10 சதவீதம். இதைப் படித்துவிட்டு நீங்களாகவே மாற்றிக்கொள்ளாதீர்கள். செலிகாக்ஸிப்புக்கும் இதயம், சிறுநீரகம் பற்றிய எச்சரிக்கை உண்டு. மாற்று வழி இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்பதற்கு இது ஒரு காரணம், அவ்வளவுதான்.

பாராசிட்டமால் முற்றிலும் அப்பாவி என்று நாங்களும் நினைத்திருந்தோம். எடின்பரோவில் பிரஷர் உள்ள 110 பேருக்கு நாளுக்கு 4 கிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மேல் எண் ஏறக்குறைய 5 மி.மீ. ஏறியது. 2022-ல் அந்த முடிவு வெளியானது. 4 கிராம் என்பது பெரியவர்களுக்கான உச்ச அளவு, அதுவும் தினமும். காய்ச்சலுக்கு ஒரு நாள் இரண்டு 650 போடுகிறவர் இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. மாதக்கணக்கில் தினமும் போடுகிறவர் பிரஷரைக் கவனிக்க வேண்டும்.

தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரை இன்னொரு கண்ணி. நுரைக்கக் காரணம் சோடியம் உப்பு. கரையும் பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை ஒன்றில் 400 மி.கி. அளவுக்குச் சோடியம் இருக்கக்கூடும். ஐந்து போட்டாலே உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் 2 கிராம் சோடியம் முடிந்துவிடும். அன்றைக்குச் சாப்பிட்ட ஊறுகாயும் அப்பளமும் அதற்கு மேல். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்க, அதற்கென்று கலக்கிக் குடிக்கும் சோடா உப்புப் பொடியும் இதே கதைதான்.

சளி மாத்திரைகளில் ஃபினைல்எஃப்ரின் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூக்கின் ரத்தக் குழாயைச் சுருக்கி அடைப்பை நீக்குவது அது. மூக்கோடு நிற்காமல் மற்ற குழாய்களையும் சுருக்கக்கூடியது.

இதயத்துக்காகத் தினமும் போடும் ஆஸ்பிரின் 75-ஐ இந்தப் பட்டியலில் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சின்ன அளவு பிரஷரை ஏற்றாது. ஆனால் அதோடு இபுபுரூஃபன் சேர்ந்தால், ஆஸ்பிரின் தரும் பாதுகாப்பை இபுபுரூஃபன் தடுத்துவிடலாம். ஆஸ்பிரின் போடுகிறவர் இபுபுரூஃபன் வாங்க வந்தால் நான் இப்போது கொடுப்பதில்லை. டாக்டரைக் கேட்டுவரச் சொல்கிறேன்.

படி 3: பிரஷர் மாத்திரையின் அட்டையையும் அதே போலப் படியுங்கள்

எந்த பிரஷர் மாத்திரையோடு மோதுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். அம்லோடிபின் நேராக ரத்தக் குழாயைத் தளர்த்துவது; வலி மாத்திரை அதன் வேலையை அதிகம் கெடுப்பதில்லை. டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில், மெட்டோபிரோலால், அட்டெனோலால், நீர் மாத்திரைகள் எல்லாம் வலி மாத்திரையின் முன் தளர்ந்துபோகும். நம் ஊரில் பிரஷருக்கு அதிகம் எழுதப்படுவதில் டெல்மிசார்டன் முன்வரிசையில் இருப்பது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அதைவிடக் கவலை தருவது சிறுநீரகம். டெல்மிசார்டன் வகை ஒன்று, நீர் மாத்திரை ஒன்று, வலி மாத்திரை ஒன்று: இந்த மூன்றும் ஒரே உடம்பில் சேரக் கூடாது. வலி மாத்திரை சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் வாசலைச் சுருக்குகிறது. டெல்மிசார்டன் வெளியேறும் வாசலைத் திறந்துவிடுகிறது. நீர் மாத்திரை மொத்த நீரையே குறைக்கிறது. உள்ளே வடிகட்டும் அழுத்தம் இல்லாமல் சிறுநீரகம் வேலையை நிறுத்திவிடலாம். பிரஷர் மருந்து சாப்பிடும் ஏறக்குறைய 4 லட்சத்து 87 ஆயிரம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வில், இந்த மூன்றும் சேர்ந்தவர்களுக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு 31 சதவீதம் கூடுதலாக இருந்தது. முதல் 30 நாட்களில் 82 சதவீதம் கூடுதல்.

"நான் மூணு மாத்திரை சாப்பிடலையே" என்பீர்கள். டெல்மிசார்டன் பெயருக்குப் பின்னால் எச் என்ற எழுத்து ஒட்டியிருந்தால், ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை அதற்குள்ளேயே இருக்கிறது. காலையில் அது ஒன்று, அதோடு ஒரு முட்டிவலி மாத்திரை. இரண்டே மாத்திரையில் மூன்றும் சேர்ந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-ல் கால்நடைகளுக்கு அதை இந்தியா தடை செய்தது. நீலகிரி மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகளைக் காக்க இன்றும் பாடுபடுகிறார்கள். மனிதச் சிறுநீரகம் பாறின் சிறுநீரகம்போல அத்தனை மென்மையானதல்ல. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் மிட்டாய் மாதிரி கைநீட்டி வாங்கும் மருந்து எவ்வளவு வலுவானது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கத்திரி வெயில், வயிற்றுப்போக்கு, வாந்தி, விரதம் என்று உடம்பில் நீர் வற்றும் நாட்களில் ஆபத்து இன்னும் கூடும். அன்றைக்கு டைக்ளோஃபெனாக் வகை மாத்திரையைத் தொடவே வேண்டாம். பிரஷர் மாத்திரையையும் நீர் மாத்திரையையும் அப்படியே தொடர்வதா, ஓரிரு நாள் நிறுத்தி வைப்பதா என்று டாக்டரிடம் ஃபோனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை மாத்திரையைக் கூட்டிவரும் கதை

முட்டிவலிக்கு ஒரு மாத்திரை. பிரஷர் ஏறுகிறது; அம்லோடிபின் சேர்கிறது. அம்லோடிபினே கணுக்காலை வீங்கவைக்கும் குணமுள்ளது. ஏற்கெனவே வலி மாத்திரை தேக்கிய நீர் வேறு. கால் வீங்குகிறது, நீர் மாத்திரை சேர்கிறது. இரவில் மூன்று முறை எழ வேண்டியிருக்கிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது. தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை. நடுவில் வயிறு எரிகிறது என்று கேஸ் மாத்திரை.

இதில் யாரும் தப்பு செய்யவில்லை. ஒவ்வொரு டாக்டரும் தன் முன்னால் இருந்ததைப் பார்த்துச் சரியாகத்தான் எழுதினார். முதல் மாத்திரை மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

அந்தக் கேஸ் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. "பேன்டோபிரசோல் சேர்த்துப் போட்டா வலி மாத்திரை ஒண்ணும் பண்ணாது" என்று நம்புகிறவர்கள் ஏராளம். அது காப்பது வயிற்றை மட்டும். பிரஷருக்கும் சிறுநீரகத்துக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை.

படி 4: நோட்டுப் போட்டு அளந்து பாருங்கள்

சந்தேகத்தை எண்ணாக மாற்றினால்தான் டாக்டரால் முடிவெடுக்க முடியும். மேல்கையில் சுற்றும் டிஜிட்டல் கருவி போதும்; மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, பாதம் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். கை இதய உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலை மாத்திரைக்கு முன் ஒருமுறை, இரவு ஒருமுறை, ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் அளக்கும்போது 135/85 என்பதுதான் எல்லைக் கோடு.

பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள்: அன்று வலி மாத்திரை எத்தனை, எத்தனை மணிக்கு. இந்தப் பத்திதான் முக்கியம். வாரம் ஒருமுறை நின்றபடியும் அளந்து பாருங்கள்; எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதையும் எழுதுங்கள். விழுந்து இடுப்பு உடைவது பெரும்பாலும் இப்படி எழும் நேரத்தில்தான். எடை பார்க்கும் வசதி இருந்தால் காலையில் எடையையும் குறியுங்கள்.

கருவி வாங்க முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்துகொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது; மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் வலி மாத்திரை பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள்.

படி 5: டாக்டர் முன்னால்

அட்டைகளையே கொண்டுபோய் மேசைமேல் வையுங்கள். பெயர் சொல்லத் தடுமாற வேண்டாம். "இந்த வலி மாத்திரையை இத்தனை மாதமா போடுறாங்க, பிரஷர் ஏறினதுக்கு இது காரணமா இருக்குமா? நிறுத்திப் பார்த்துட்டு அப்புறம் டோஸைக் கூட்டலாமா?" என்று நேராகக் கேளுங்கள். ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்க்கச் சொல்வார். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். வலி மாத்திரை அவசியம் என்று டாக்டர் முடிவெடுத்தால், எந்த அளவு, எத்தனை நாள், எப்போது மறுபடி பிரஷரும் ரத்தமும் பார்ப்பது என்ற மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், இதயம் பலவீனமானவர், கிரியாட்டினின் ஏறியவர் இந்த வலி மாத்திரைகளைக் கடையில் தானாக வாங்கவே கூடாது. முடக்குவாதம் போன்ற நோய்க்கு மூட்டு மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், அவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

நிறுத்தியபின் ஒன்றைக் கவனியுங்கள். சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் பிரஷர் இறங்கத் தொடங்கும். வலி மாத்திரையால் ஏறியதை அடக்க டோஸைக் கூட்டியிருந்தால், இப்போது அது அதிகமாகிவிடலாம். தலைசுற்றல், மேல் எண் 110-க்குக் கீழ் என்றால் உடனே சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

படி 6: அப்படியானால் வலிக்கு?

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது தீர்வல்ல. வலியும் தூக்கமின்மையும் தாமே பிரஷரை ஏற்றும். வலியால் நடக்காமல் முடங்கினால் தொடைத் தசை மெலிந்து முட்டி இன்னும் மோசமாகும்.

முட்டி, கை விரல் மூட்டுகளுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் நல்ல வழி. மாத்திரையாகப் போட்டால் ரத்தத்தில் கலப்பதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் ஜெல்லில் கலக்கிறது. தேய்த்துவிட்டு உடனே சுடுதண்ணீர்ப் பையை அதன்மேல் வைக்காதீர்கள். மாத்திரையும் ஜெல்லும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

பாராசிட்டமாலை, வேலைக்கு முன்போ தூங்கும் முன்போ தேவைப்படும்போது மட்டும் போடுங்கள். 650 மி.கி. மூன்று வேளை என்றால் கிட்டத்தட்ட 2 கிராம். 50 கிலோவுக்குக் குறைந்த எடை, கல்லீரல் நோய், தினமும் மது என்றால் அளவை டாக்டரே சொல்ல வேண்டும். டிராமடால் பிரஷரை இந்த வழியில் ஏற்றாது. ஆனால் தலைசுற்றலும் மலச்சிக்கலும் தரும், விழ வைக்கும். அதைத் தானாக வாங்கும் மருந்தாக நினைக்க வேண்டாம்.

மாத்திரையைவிட நான் நம்புவது தொடைத் தசைப் பயிற்சியை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, முட்டியை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்துக் கீழே விடுவது. ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. அரசு மருத்துவமனை பிசியோதெரபிப் பிரிவில் ஒருமுறை காட்டிக் கற்றுக்கொண்டால் வாழ்நாளுக்கும் போதும். எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் சுமை நாலு கிலோ குறைகிறது. கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள்.

காய்ச்சலோடு மூட்டுவலி வந்தால் இதெல்லாம் பொருந்தாது. டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமாலைத் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. ரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும். 2006-ல் சிக்குன்குனியா பரவியபோது மாதக்கணக்கில் கை கால் மடக்க முடியாமல் இருந்தவர்களை நினைவிருக்கும். அந்த மாதிரி நீண்ட வலிக்கு டாக்டரின் கண்காணிப்பு வேண்டும்; கடை மாத்திரையால் ஓட்டக் கூடாது.

காத்திருக்கக் கூடாத நேரம்

பிரஷர் 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடுமையான தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ பிரஷர் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சிறுநீர் வெகுவாகக் குறைவது, மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறுவது, படுத்தால் மூச்சு முட்டுவது ஆகியவற்றுக்கு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்த அம்மாவை அன்று அட்டைகளோடு திருப்பி அனுப்பினேன். டாக்டர் அசெக்ளோஃபெனாக்கை நிறுத்தி, ஜெல் எழுதி, டெல்மிசார்டனை 40-லேயே வைத்தார். மூன்றாவது வாரம் பேத்தியின் பழைய கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். மேல் எண் 158-லிருந்து 140 பக்கம் வந்திருந்தது. இப்போதும் மாதாமாதம் அந்த நோட்டோடுதான் வருகிறார். போன மாதம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்த இரண்டு நாளில் மட்டும் "வலி" என்ற பத்தியில் பாராசிட்டமாலுக்கு நாலு கோடு இருந்தது. "எழுதிட்டேன் பாரு தம்பி, மறைக்கல" என்றார்.